எண்ணூர் ஜிலேபியின் செவுள்

சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்தவர் சாக்லெட்டுகளைத்தான் தேடினார் என்று நினைக்கிறேன். அகப்பட்டது தெர்மோகோல் பெட்டி. உள்ளே ஐஸ் பொதி, அதற்குள் சுண்டுவிரல் பருமனில் நான்கு குப்பிகள். "என்னம்மா இது, மருந்தா?" என்றார். மருந்து இல்லை, மீனின் செவுளுக்குப் போடும் சாயம் என்றேன். "எந்த மீனு?" "ஜிலேபி." அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "ஜெர்மனியிலேருந்து ஜிலேபி மீனைப் பாக்கவா வந்தீங்க? எங்க ஏரியாவுல சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லையே" என்று சொல்லி, பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மீனைப் படிக்க டாக்டர் பட்டமா என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். தராசில் நிறுக்க முடியாத எதுவும் அவருக்குப் படிப்பாகத் தெரியாது.

அது சுனாமி வந்த வருடம். அது வர இன்னும் பத்து மாதம் இருந்தது. பட்டணம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம்.

என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பயணம் யாருக்கும் விளங்காது. கடலில் வாழும் மீனின் உடம்புக்குள் உப்பு ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளுவது செவுள். ஆற்று மீனின் கதை நேர்மாறு. அதன் உடம்பிலிருந்து உப்பு கரைந்து போய்க்கொண்டே இருக்கும். செவுள் அதைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி உள்ளே இழுக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே செவுளில் சில செல்கள் உண்டு. அவற்றின் சுவரில் உப்பு போக வர வாசல்கள் இருக்கின்றன. அயனி வாய்க்கால் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும், நான் வாசல் என்றே சொல்கிறேன். தள்ளுகிற வாசல் ஒரு வகை, இழுக்கிற வாசல் இன்னொரு வகை. ஜிலேபி மாதிரி இரண்டு தண்ணீரிலும் வாழக்கூடிய மீன், தண்ணீர் மாறினால் ஓரிரு நாளில் ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்துகொள்ளும்.

எண்ணூர்க் கழிமுகத்து ஜிலேபியில் மட்டும் இரண்டு வாசலும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதை நான் கண்டேன். அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கடலும் ஆறும் அனல் மின் நிலையத்துச் சுடுநீரும் மாறி மாறி வந்து போகிற இடத்தில் வாழ்வதால், எது வந்தாலும் சமாளிக்க இந்த மீன் எப்போதும் தயாராக இருக்கிறது என்று எழுதினேன். அந்த ஒரு கட்டுரைதான் என்னை ஜெர்மனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. சம்பளம் கொடுத்தது. கதவில் பேராசிரியர் என்று பெயர்ப்பலகை மாட்டியது. நான் போன பிறகும் என் பழைய கல்லூரி ஆய்வகம் வருடா வருடம் எண்ணூர் ஜிலேபியின் செவுள்களை எடுத்துப் பதப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமும் அதே முடிவு.

போன வருடம் வந்த ஒரு பெட்டி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதிலிருந்தவை சாதாரணக் கடல்தண்ணீர் மீன்கள். தள்ளுகிற வாசல் மட்டும் திறந்திருந்தது. அதைக் கவனித்தது என் மாணவி யோஹான்னா. மூன்று வருடமாக இந்த மீனை நம்பித்தான் அவள் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறாள். "இந்த ஒரு பெட்டி தவறா, மற்றப் பெட்டிகள் எல்லாம் தவறா?" என்று என் மேசை முன்னால் நின்று கேட்டாள். கல்லூரிக்குப் போன் போட்டேன். வழக்கமாக மீன் கொண்டுவரும் தேசம்மா அந்த மாதம் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாளாம், அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம். கொண்டுவருகிற ஆள் மாறினால் மீனின் செவுள் மாறுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் புறப்பட்டு வந்தேன்.

முதல் நாள் மாதவரத்தில் அண்ணன் வீட்டில் தூங்கியே போயிற்று. இடையிடையே எழுப்பிவிட்டவை லாரிகள். ஜெர்மனியில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தினாலே பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார்; இங்கே ஒரு லாரி பின்னால் நகர்வதைத் தெரு முழுக்கச் சேர்ந்து கத்தி நடத்தி வைக்கிறது. மதினி சுடச்சுடச் சோறும் மாசிக்கருவாட்டுத் தொவையலும் வைத்தார். "அங்க உனக்குச் சோறே போட மாட்டாவளா? எலும்பும் தோலுமா வந்து நிக்க" என்றார். அவர் வீட்டிலும் குழாயில் காற்றுதான் வந்தது. கை கழுவ ஒரு சொம்பு அளந்து ஊற்றினார்.

இரண்டாம் நாள் ராயபுரம் போனேன். தேசம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள் என்று கல்லூரிக் காவலாளி சொல்லியிருந்தார். ஆட்டோ கொடுங்கையூரைத் தாண்டும்போது குப்பைமேட்டுப் புகை சாலையை மூடிக்கொண்டது. "மூக்க பொத்திக்கோம்மா, மூணே நிமிசம்" என்றார் ஓட்டுநர். அவர் பொத்திக்கொள்ளவில்லை. எம்.கே.பி. நகர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. கார்பரேட்டரைத் திறந்து வாயால் ஊதினார், சாய்த்தார், உதைத்தார். பத்து நிமிடத்தில் அது மறுபடியும் இருமத் தொடங்கியது. ஜெர்மனியில் இதே கோளாறுக்கு மூன்று வாரம் கழித்து நேரம் குறித்துக் கொடுப்பார்கள்.

காசிமேட்டில் முதலில் கண்ணில் பட்ட மீன்காரம்மாவிடம் தேசம்மா எங்கே என்று கேட்டேன். "எந்த தேசம்மா? இங்க ஒரு கல்லு வுட்டா ஏதாவது ஒரு தேசம்மா தலமேலதான் வுழும்" என்றார். எண்ணூரிலிருந்து வருகிற தேசம்மா என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "எண்ணூரு ஆத்து மீனா? அத்த இங்க யாரு வாங்குவா? திருவொத்தியூரு மார்க்கெட்டாண்ட போய்ப் பாரு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாடிக்கையாளர் குனிந்து வஞ்சிரத்தைப் புரட்டினார். எப்போது பிடித்தது என்று கேட்டார். "இப்பதான் நைனா. இன்னும் துள்ளிகினு கீது பாரு" என்றார் அந்த அம்மா. மீனின் வாயில் ஐஸ் கட்டி கரையாமல் இருந்தது. கண் வெளுத்திருந்தது. வாங்குகிறவருக்கும் அது தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே பேரம் பேசி வாங்கிப் போனார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்கிறது ஒரு வழக்கம், சொல்கிறது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

என் ஆராய்ச்சிக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி என்ன தெரியுமா? "பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் செவுள் எடுக்கப்பட்டது." அச்சான கட்டுரையிலும் அதே வரி. கல்லூரி வாசலில் பானையை இறக்கி வைக்கும் தேசம்மாவிடம் நான் கேட்பேன், எப்போ பிடிச்சது தேசம்மா? அவள் சொல்வாள், இப்பதான். நான் எழுதிக்கொள்வேன்.

மதியம் தெருவோரக் கடையில் அத்தோ வாங்கிச் சாப்பிட்டேன். நூடுல்ஸில் புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிற பர்மாக்காரர் உணவு. ஜெர்மனியில் பல முறை இதற்கு ஏங்கியிருக்கிறேன். அன்று பாதியில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எண்ணூர். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை ஓட்டுநர்கள் அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், ஒருவர் டயரில் சாய்ந்து உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். நான் வந்த ஷேர் ஆட்டோ அரை மணி நேரம் அசையவில்லை. "எறங்கி நடக்கிறவங்க நடங்க, இது இன்னிக்கி நவுராது" என்று ஓட்டுநர் அறிவித்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் லாரி. நடுவில் சாம்பல் படிந்த சாலையில் நடந்து போனேன். குப்பத்துக்குள் நுழையும்போது என் செருப்பு எந்த நிறம் என்று எனக்கே மறந்துவிட்டது.

மாணவியாக இருந்தபோது முதல் இரண்டு மாதம் நானே இந்தக் கழிமுகத்துச் சேற்றில் இறங்கித் தண்ணீரின் உப்பை அளந்திருக்கிறேன். ஒருநாள் சிப்பி கிழித்துப் பாதத்தில் ஏழு தையல் போட்டார்கள். அப்பா இனி அந்தப் பக்கம் போகக் கூடாது என்றுவிட்டார். அப்போதுதான் தேசம்மா, "நீ ஏன் பேஜாருபட்ற, நான் எட்த்தாரேன்" என்றாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குள் நீ, வா, போதான். ஆனால் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் பட்டம் கிடைக்க ஐந்து வருடம் இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிட்டாள்.

வீட்டு வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "யம்மா, டாக்டரம்மாவா! இன்னா இப்டி கெழவியாட்டம் ஆய்ட்ட?" என்று இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போய்க் குந்த வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். டீயில் லேசாக உப்புக் கரித்தது. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மூலையில் தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. நேராகக் கேட்டேன். "போன வருஷம் நீ ஊர்ல இல்லாதப்போ உன் வீட்டுக்காரர் மீன் கொண்டுவந்தாராமே. நீ கொண்டுவர்றதுக்கும் அவர் கொண்டுவந்ததுக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "யோவ், அப்டியே எட்த்துகினு போயா குட்த?"

"பின்ன இன்னா பண்ணணும்? ஆத்துல புட்ச்சேன், குட்த்தேன்" என்றார் ஏழுமலை.

"அய்யய்யோ, மானத்த வாங்கிட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். "நாறியிருக்குமே டாக்டரம்மா. ஆத்து மீனு கிருஷ்ணாயில் வாட அடிக்கும். எங்கேர்ந்தோ எண்ணெ வந்துகினே கீது. அத்த அப்டியே உன்கிட்ட குடுக்க முடியுமா? நான் புட்ச்ச மீன, குடிக்க வர்ற லாரித் தண்ணியில வுட்ருவேன். ஒரு ராத்திரி, ஒரு பகலு. அப்பால தண்ணிய மாத்தி இன்னொரு ராத்திரி. காலைல ஒவ்வொண்ணா எட்த்து மோந்து பாத்து, வாட இல்லாததா பாத்துத்தான் உனுக்கு எடுத்தாருவேன்."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். பாதியாக அறுத்த நீல டிரம். வலைத்துண்டு போட்டு மூடியிருந்தது. உள்ளே பாசி பிடிக்காமல் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். "உன் மீனுக்குன்னே வெச்சிகிறேன். வேற எதுக்கும் தொட மாட்டேன்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் அந்த டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி. உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு மாறிய ஜிலேபி, தள்ளுகிற வாசலை மூட ஆரம்பித்து, இழுக்கிற வாசலைத் திறக்க ஆரம்பித்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நேரம் சரியாக அதுதான். எண்ணூர் மீனிடம் எந்த அதிசயமும் இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் உலகத்துக்குச் சொல்லிவந்தது, தேசம்மாவின் டிரம்மில் நடந்ததை.

"எப்போ பிடிச்சதுன்னு கேட்டப்போ எல்லாம் இப்பதான்னு சொன்னியே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மீனு விக்கிறவகிட்ட எப்ப புட்ச்சதுன்னு கேட்டா வேற இன்னா சொல்லுவாங்க?" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. "அப்பால இன்னா பண்ணன்னு நீ கேக்கவே இல்லியே. கேட்ருந்தா சொல்லிருப்பேன்."

ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, டிரம் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டால் வீட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும், கல்லூரிக்கு மீன் எடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு முறைத் தண்ணீர் மீனுக்குப் போய்விடும் என்றாள். "அன்னிக்கி கெணத்துத் தண்ணிதான். காச்சிக் குடிச்சிப்போம். பெரியவனுக்கு ரெண்டு தபா மஞ்சக் காமால வந்து ஒரு வருசம் பள்ளிக்கூடம் பூட்ச்சி. இப்ப நல்லா கீறான், கன்டெய்னர் யார்டுல வேல பாக்குறான்." அவள் அதைச் சொல்லிவிட்டு டீக் கோப்பையை வாங்கிப் போனாள். நான் அப்போது என் கட்டுரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

புறப்படும்போது, நாளைக் காலையில் ஆற்றிலிருந்து எடுத்த மீனைக் கழுவாமல் அப்படியே ஆற்றுத் தண்ணீரோடு கல்லூரிக்குக் கொண்டுவா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னாத்துக்கு?"

"சோதனை பண்ணிப் பாக்கணும்."

"எழுதிடுவியா?" என்று கேட்டாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். ரொம்ப வருடத்துக்கு முன்னால் யாரோ பாட்டிலோடு வந்து ஆற்றில் தண்ணீர் மொண்டு போனார்களாம். எண்ணூர் மீன் கெட்ட மீன் என்று பேச்சுக் கிளம்பி, மாதக்கணக்கில் மார்க்கெட்டில் எவரும் இவர்கள் கூடையைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். "அப்பாலதான் நீ வந்த, பாட்டில தூக்கிகினு. எங்க மீன பரிச்ச பண்ணத்தான் வந்துகிறன்னு எனக்கு மொத நாளே தெரியும். பரிச்சைல எங்க மீனு பாஸ் ஆவணும். அதுக்குத்தான் அத்தினி கழுவு கழுவுனேன். இப்ப நாறுறத கொண்டான்ற."

ஏழுமலையைப் பார்த்தேன். "அவ சொன்னாத்தான்" என்றார், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். தேசம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு வேண்டியது எண்ணெய் இல்லை, உப்புதான் என்று அப்போதே பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் தலையில் விழுந்த இடியை எண்ணிக்கொண்டே நின்றுவிட்டேன்.

நான்காம் நாள் கல்லூரியில் காத்திருந்தேன். பானை வரவில்லை. காவலாளி இரண்டு முறை வந்து, "அந்தம்மா சொன்னா சொன்ன நேரத்துக்கு வந்துடுமே" என்று என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்.

அன்று பகல் முழுக்க ஒரு கெட்ட எண்ணம் என்னோடு உட்கார்ந்திருந்தது. ஏழுமலை கொண்டுவந்த அந்த ஒரு பெட்டி கெட்டுப்போனது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். தேசம்மா டிரம்மைப் பற்றி யாரிடமும் சொல்லப் போவதில்லை. அவள் தொடர்ந்து கழுவுவாள், நான் தொடர்ந்து எழுதுவேன், யோஹான்னா பட்டம் வாங்குவாள். இவ்வளவு சுலபமான பொய்யை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை. ஒரு மணி நேரம் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

பிறகு தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் யோஹான்னாவுக்குப் போன் செய்து டிரம்மைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்ற பயம்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்வை வழிந்தது. "அந்த அம்மாள் ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேட்டாள். மீன் நாறுமே என்றுதான் என்றேன். "என் மூன்று வருடம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "முதலில் கழுவாத மீனைப் பாருங்கள். பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்" என்றாள். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். பூத்துக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை தேசம்மா வந்துவிட்டாள். எண்ணூரிலிருந்து ரயிலேறி, பஸ் மாறி, மூடிய பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். "கழுவல. வெடியக்கால அஞ்சு மணிக்கி புட்ச்சது. இது நெசமாவே இப்ப புட்ச்சது" என்றாள். மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இத்தனை வருடத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் கூப்பிட்டதில்லை. உள்ளே வா என்றேன். காவலாளி நோட்டில் பெயர் எழுதச் சொன்னார். எழுத்துக் கூட்டி, தேசம்மா, எண்ணூர் என்று எழுதினாள்.

செவுளை எடுத்துச் சாயம் ஏற்றி முடிக்க அரை நாள் ஆனது. தள்ளுகிற வாசலுக்குப் பச்சைச் சாயம், இழுக்கிற வாசலுக்குச் சிவப்பு. அதுவரை தேசம்மா முக்காலியில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதினி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். ஜெர்மனியில் என்னிடம் படிக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஏன் மனசு மாறினாய் என்று கேட்டேன். "பன்னெண்டு வருசமா நீ எங்கள பத்தி ஒண்ணியும் கெட்டதா எழுதல. எழுதிருந்தா மார்க்கெட்ல தெரிஞ்சிருக்கும். இனிமேலுமா எழுதப் போற?" என்றாள்.

பிற்பகலில் அறையை இருட்டாக்கிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பச்சைப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. சிவப்புக்கு மாற்றினேன். ஒன்றுமே இல்லை. அடுத்த மீன், அதற்கடுத்த மீன், குடத்திலிருந்த ஆறு மீனையும் பார்த்தேன். சிவப்பே இல்லை. கழிமுகத்து உப்புத் தண்ணீரில் வாழ்கிற எந்த ஜிலேபியும் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எண்ணூர் ஜிலேபி. என் பெயர் எதனால் நாலு பேருக்குத் தெரிந்ததோ அது அந்த அறையில் முடிந்துபோயிற்று. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தாலும் வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"நான் பாக்கட்டா?" என்றாள் தேசம்மா. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். "பச்ச பச்சயா கீது" என்றாள். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து, "பாஸா, பெயிலா?" என்று கேட்டாள்.

"தேசம்மா, நான் எண்ணெய்யைப் பாக்கலை. உன் மீன்ல எண்ணெய் எவ்வளவு இருக்கு, அது சாப்பிட நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. நான் பாக்கிறது உப்பு மட்டும்தான். உப்புத் தண்ணி மீன் எப்படி இருக்கணுமோ அப்படித்தான் உன் மீன் இருக்கு."

"இப்பதானே உப்பு பாக்குற? முன்னாடி எண்ணெதானே பாத்த?"

"முன்னாடியும் உப்புதான்."

"மொத நாள்லேருந்தா?"

"மொத நாள்லேருந்து."

அவள் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப நீ தேடுனத்தயே நான் கழுவிக் கழுவிக் குட்த்துகினு இருந்தனா?"

"நீ கழுவினது தப்பில்லை. நான் கேக்காததுதான் தப்பு. அப்படித்தான் எழுதப் போறேன், உன் பேர் வராது" என்றேன்.

"எழுதுனா உன் வேல பூடுமா?"

"வேலை போகாது. பேர் போகும்."

"அந்த ஊர்ல ஒரு பொண்ணு படிக்கிதுன்னியே, அதுக்கு?"

"அவ மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அய்யோ பாவம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு எழுந்து குடத்தின் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தாள். என் ஆய்வகக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அது பாட்டுக்கு விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடத்தைக் கழுவவில்லை. குழாயை இறுக்கி மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்த லாரித் தண்ணிய எம் புள்ளைங்களே குட்ச்சிருக்கலாம்" என்றாள்.

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"ஆமா தேசம்மா, குடிச்சிருக்கலாம்" என்றேன்.